அந்தமான் போஸ்டிங்: கூடவே போவதா, ஊரிலேயே இருப்பதா, வேலூரில் வீடு பிடிப்பதா?

போன மாதம் வேலூர் மிலிட்டரி கேன்டீன் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பேர்ணாம்பட்டுக்காரி. இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒன்று. வீட்டுக்காரருக்கு போர்ட் பிளேர் போஸ்டிங் வந்திருக்கிறது, ஜூனில் போய்ச் சேர வேண்டுமாம். நான் அங்கே இருந்துவிட்டு வந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஏங்க்கா, நானும் கூடப் போலாமா, இல்ல இங்கியே இருந்துடட்டுமா?” என்று கேட்டாள். பில் போடும் மேசை வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இது புதுக் கேள்வி இல்லை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி, அந்தப் பக்கம் கண்ணமங்கலம் வரைக்கும் தெருவுக்கு நாலு மிலிட்டரி வீடு இருக்கும். கம்மவான்பேட்டையை மிலிட்டரி கிராமம் என்றே சொல்வார்கள். ஜம்மு, அசாம் போஸ்டிங் என்றால் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ரயில் ஏறினால் மூன்று நாளில் ஊர். அந்தமான் என்றதும்தான் நடுவில் கடல் வந்து நிற்கிறது. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 1,300 கிலோமீட்டருக்கு மேல். நம் நாடுதான், பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் வெளிநாட்டுத் தளத்துக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போகிறவர்களுக்கு என்னென்ன தலைவலி உண்டோ, அதில் முக்கால்வாசி இங்கேயும் உண்டு. நாங்கள் 2017 முதல் 2019 கடைசி வரை அங்கே இருந்தோம். அப்போது மகள் மூன்றாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி.

### முதலில் எதைப் பார்ப்பது

எல்லோரும் முதலில் காசைத்தான் கேட்கிறார்கள். தீவுப் படி எவ்வளவு வரும், வாடகைப் படி போய்விடுமா என்று. என் அனுபவத்தில் காசு கடைசிக் கேள்வி. மூன்று வழியிலும் வரவு செலவு முன்னே பின்னே ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும். முடிவைத் தீர்மானிக்கிறவை வேறு.

எந்தத் தீவு என்பதை மூவ்மென்ட் ஆர்டரில், அதாவது மாற்றல் உத்தரவில், எழுத்து எழுத்தாகப் படியுங்கள். “அந்தமான்” என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். முப்படைகளும் சேர்ந்த அந்தமான் நிக்கோபார் கமாண்ட் 2001-ல் தொடங்கியது. அதன் தலைமையகம் போர்ட் பிளேரில். 2024-லிருந்து ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்றாலும் எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். ராணுவத்துக்காரர்கள் பெரும்பாலும் ஊரை ஒட்டிய பிர்ச்கஞ்சில் இருப்பார்கள். கடற்படைத் தளம் வடக்கே டிக்ளிபூரிலும் உண்டு, கமோர்ட்டாவிலும் உண்டு, தென்கோடி கேம்ப்பெல் பேயிலும் உண்டு. விமானப்படைத் தளம் கார் நிக்கோபாரில். போர்ட் பிளேரிலிருந்து கேம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கு மேல். போர்ட் பிளேர் என்றால் பள்ளி, ஆஸ்பத்திரி, விமான நிலையம் மூன்றும் கைக்கெட்டும் தூரம். அதைத் தாண்டிய எந்தத் தீவானாலும் கதையே வேறு.

அடுத்தது பிள்ளை எந்த வகுப்பு என்பது. அதற்கடுத்தது, வீட்டில் பெரியவர்களின் உடம்பு. நான்காவதாக, குவார்ட்டர்ஸ் எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்பதை யூனிட்டில் ஏற்கெனவே இருக்கிற ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளார்க் சொல்வதையும் கேளுங்கள், ஆனால் அங்கே குடும்பம் வைத்திருப்பவரின் மனைவி சொல்வது சரியாக இருக்கும்.

இந்த நாலையும் பார்த்த பிறகு காசுக்கு வரலாம்.

### ஒன்று: குடும்பத்தோடு போவது

நான் இந்த வழியில் போனவள். அதனால் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துப் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். மிலிட்டரிக்காரன் பெண்டாட்டிக்கு இதன் விலை தெரியும். கல்யாணம் ஆன பிறகு நாங்கள் தொடர்ந்து ஒரே கூரையின் கீழ் இருந்தது அந்த இரண்டே முக்கால் வருஷம்தான். லீவில் வருகிற அப்பாவை “யாரு” என்பது போலப் பார்த்த என் மகன், அங்கேதான் அவர் தோளில் ஏறி உட்காரக் கற்றுக்கொண்டான்.

பாஷைப் பயம் வேண்டாம். இந்தி தெரிந்தால் எல்லா இடமும் போகலாம், தெரியாவிட்டாலும் பிழைக்கலாம். 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவுகளில் நூற்றுக்கு 15 பேர் தமிழ் பேசுகிறவர்கள், 13 பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். நம் எல்லைப்புறத்துப் பெண்களுக்கு இரண்டும் வரும் என்பதால் அபர்டீன் பஜாரில் பேரம் பேசுவது குடியாத்தம் சந்தையில் பேசுவது மாதிரிதான். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். என் மாமியார் போனில் முதலில் கேட்டதே “அங்க கோயில் இருக்குதா?” என்றுதான்.

சரி, இனி கஷ்டம். குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்காது. எங்களுக்கு நாலு மாதம் ஆனது. அதுவரை வெளியே வாடகை. ஊரோ மேடும் பள்ளமும். தண்ணீர் எல்லா நாளும் வராது, கோடையில் இன்னும் மோசம். தனிக்காரி அணையை நம்பியிருக்கிற ஊர் அது. மழைக்குக் குறைவில்லை, வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. வேலூரில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. இருந்தும் பிப்ரவரி, மார்ச் வந்தால் குடத்தோடு நிற்கிறோம். எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் பிரிவு) குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

மழைக்காலத்தில் எதுவும் காயாது. யூனிஃபார்ம் மூன்று நாள் கொடியில் கிடந்தும் நனைந்த வாசனையோடு இருக்கும். பெல்ட், ஷூ, தோல் பை எல்லாவற்றிலும் பச்சையாகப் பூஞ்சை. பக்கத்து வீட்டு சுபேதார் வீட்டம்மா ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார்: மர அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ராத்திரி முழுக்க எரியவிடுவது. சர்டிஃபிகேட், பட்டுப்புடவை, பாஸ்புக் எல்லாம் அந்த அலமாரியில். கதவிடுக்கில் மஞ்சள் கோடாக வெளிச்சம் தெரிய, அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் பழகினோம். பல்புக்கு எட்டாமல் கீழ்த்தட்டில் வைத்த என் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஓரம் மட்டும் இன்றைக்கும் கறுத்திருக்கிறது. அப்புறம் பூரான். நம் ஊர்ப் பூரானை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அது ஒரு சாண் இருக்கும். பிள்ளைகள் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் காலை விட வேண்டும் என்பதை முதல் வாரமே பழக்கிவிடுங்கள்.

காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. கப்பல் தாமதமானால் தக்காளியைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். மீன், தேங்காய், வாழை, கீரை தாராளம். கேன்டீன் கார்டு அங்கேயும் செல்லும். ஆனால் நம் ஊர்க் கேன்டீனில் கிடைப்பதெல்லாம் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

சாமான் கொண்டுபோவதைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றலுக்கான மொத்த மானியம் மற்ற இடங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம். அந்தமான், லட்சத்தீவு போக, வர மட்டும் 100 சதவீதம். அது போதும் போலத் தோன்றும், எங்களுக்குப் போதவில்லை. நாங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் என்று எல்லாவற்றையும் ஏற்றினோம். ஊரிலிருந்து சென்னை துறைமுகம் வரை லாரி, அங்கே காத்திருப்பு, அப்புறம் கப்பல், போர்ட் பிளேரின் ஹாடோ துறையிலிருந்து மறுபடி லாரி. ஏற்றி இறக்கியவர்கள் ஃபிரிட்ஜ் கதவை நசுக்கிவிட்டார்கள், கேட்டால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டினார்கள். வாஷிங் மெஷினின் அடித்தகடு உப்புக் காற்றில் ஒன்றரை வருஷத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. திரும்பி வரும்போது பாதியை அங்கேயே விற்றோம். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரி விஷயத்தில் போர்ட் பிளேர் நிம்மதி. ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி என்ற கடற்படை ஆஸ்பத்திரி இருக்கிறது. காய்ச்சல், பிரசவம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி எல்லாம் அங்கேயே ஆகிவிடும், காசு செலவில்லை. பெரிய வியாதி என்றால்தான் சென்னை, கொல்கத்தா என்று அனுப்புவார்கள்.

என்னைக் கேட்டால் மறைந்திருக்கிற பெரிய செலவு ஆத்திர அவசரத்துக்கு ஊர் வருவது. விமானம் ஏறினால் சென்னை இரண்டே கால் மணி நேரம்தான், கேட்க நன்றாக இருக்கிறது. என் பெரியப்பா இறந்த சேதி சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. அன்றைய விமானங்கள் எல்லாம் போய்விட்டன. மறுநாள் காலை டிக்கெட் கிடைத்து, சென்னை வந்து, காட்பாடிக்கு ரயில் பிடித்து, ஊருக்குள் நுழைந்தபோது சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் தெருக்குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பலைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டரை நாளிலிருந்து மூன்று நாள், அதுவும் மாதத்துக்கு மூன்று நாலு முறைதான். மே மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒரே ஒரு வருஷம் நாலு பேரும் வந்தோம். விடுமுறைக் காலம் என்பதால் டிக்கெட் காசு ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள பகுதி. பாத்திர அலமாரி கிணுகிணுவென்று ஆடி நிற்பதை நாங்கள் நாலைந்து முறை பார்த்தோம். 2004 டிசம்பர் 26-ல் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. பிர்ச்கஞ்ச் போன்ற மேட்டு இடத்தில் அந்தப் பயம் குறைவு. கடலோரக் குடியிருப்பு என்றால் மேட்டுக்கு ஏறும் வழி எது என்பதை முதல் நாளே பிள்ளைகளோடு நடந்து பாருங்கள்.

யாருக்கு இது சரி: போஸ்டிங் போர்ட் பிளேரில், பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குள், ஊரில் பெரியவர்கள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் தயங்காமல் போங்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும்.

போர்ட் பிளேரைத் தாண்டிய தீவு என்றால் என் பதில் வேறு. கார் நிக்கோபார் போன்ற பழங்குடிக் காப்புப் பகுதிக்கு உங்கள் அம்மா நினைத்தபோது வர முடியாது, அனுமதிச் சீட்டு வேண்டும். கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேர் வருவதற்கே கப்பலில் ஒன்றிரண்டு நாள். டிக்ளிபூருக்குத் தரைவழி உண்டு, ஆனால் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடாக நேரம் வைத்து வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். கர்ப்பிணியோ கைக்குழந்தைக்காரியோ அங்கே போவதை நான் சம்மதிக்க மாட்டேன். கேம்ப்பெல் பேயில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களைத்தான் அரசாங்கம் கொண்டுபோய்க் குடியேற்றியது, அதில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் காடு வெட்டி வாழ்ந்து காட்டினார்கள் என்பது உண்மை. நமக்கு இருப்பது இரண்டரை வருஷ போஸ்டிங், அதற்கு அத்தனை வீராப்பு தேவையில்லை.

### இரண்டு: ஊரிலேயே இருப்பது

வெளிப்பார்வைக்கு இதுதான் மலிவு. வாடகை இல்லை, பாலும் நெல்லும் வீட்டில். அவர் லங்கரில் (படையின் சாப்பாட்டுக் கூடத்தில்) சாப்பிட்டுக்கொள்வார், சம்பளம் அப்படியே ஊருக்கு வரும். வருஷத்துக்கு 60 நாள் பெரிய லீவு, 30 நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) என்று கணக்கில் இருக்கிறது. கணக்கில் இருப்பதெல்லாம் கைக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதன் பெரிய பலம் பள்ளிக்கூடம். நம் பக்கத்தில் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது என்று வையுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பெண் பிள்ளை கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குத்தான் பார்ப்பார்கள். ஏழாம் வகுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் போர்ட் பிளேர் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும், திரும்ப ஒட்டாது. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இந்த நஷ்டம் இல்லை. ஆனால் வெளியே படித்த வருஷங்களுக்காகப் பின்னால் மருத்துவக் கவுன்சிலிங்கில் இருப்பிடச் சான்று கேட்பார்கள். அதை அப்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மொழியும் ஒரு விஷயம். கேந்திரிய வித்யாலயாவில் இந்தியும் சமஸ்கிருதமும்தான் ஓடும். ஏழாவதில் போய் ஒன்பதாவதில் திரும்புகிற பிள்ளை மாநில வாரியத்தில் சேர்ந்தால் பத்தாவதில் தமிழ்த் தாள் எழுத வேண்டும். எங்கள் மகள் ஐந்தாவதில் திரும்பியதால் தப்பித்தாள். அவளுக்கே ‘ற’, ‘ர’ சரியாக ஒரு வருஷம் ஆனது.

எல்லைக்கு அந்தப் பக்கம், வி.கோட்டா, பலமனேர் முகவரி வைத்திருக்கிற நம் உறவுக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆந்திராவில் உள்ளூர் மாணவர் என்ற தகுதிக்கு, தகுதித் தேர்வு எழுதும் வருஷத்தோடு முடிகிற தொடர்ச்சியான நாலு வருஷம் அங்கே படித்ததைப் பார்க்கிறார்கள். அதாவது அவர்களுக்குச் சின்ன வகுப்பில் போய் வருவதில் நஷ்டம் இல்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து நகர்த்தக் கூடாது.

இதிலும் மறைந்த செலவு உண்டு. ஒன்று, மருத்துவம். பணியில் இருக்கிறவரின் குடும்பத்துக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் நம் பக்கத்துக்கு அது சென்னையில் இருக்கிறது. பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் குடியாத்தத்தில் கைக்காசைக் கொடுத்துத்தான் பார்ப்போம். அதற்காக யாரும் சென்னைக்குப் போவதில்லை. இன்னொன்று வீட்டுக்குள் இருப்பது. மாமனார் மாமியார் நல்லவர்களாகவே இருக்கட்டும், புருஷன் அனுப்புகிற காசு யார் கையில் போகிறது என்ற பேச்சு வராத வீடு குறைவு. கொழுந்தன் பைக்குக்கு, நாத்தனார் சீருக்கு என்று ஒவ்வொன்றாகக் கழியும். இதை எழுதினால் எங்கள் வீட்டிலேயே கோபப்படுவார்கள், பரவாயில்லை.

முன்பெல்லாம் பேசுவதே பெரிய பாடு. நாங்கள் இருந்தபோது தீவிலிருந்து வீடியோ கால் என்றால் முகம் கட்டம் கட்டமாக நின்றுவிடும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் இணைப்புக் கொடுத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது தினமும் முகம் பார்த்துப் பேசலாம். பிரிந்து இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

யாருக்கு இது சரி: பிள்ளை எட்டாம் வகுப்புக்கு மேல், அல்லது அரசுப் பள்ளியில் ஆறாவதைத் தாண்டிவிட்டது. அல்லது வீட்டில் டயாலிசிஸ், கீமோ என்று வாரா வாரம் வேலூர் சி.எம்.சி.க்கு நடக்கிற ஆள் இருக்கிறார். அல்லது போஸ்டிங் நிக்கோபார் பக்கம். இதில் ஒன்று இருந்தாலே போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

### மூன்று: வேலூர், காட்பாடிப் பக்கம் வாடகை வீடு

இப்போது இந்த வழிதான் அதிகம் நடக்கிறது. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, சி.எம்.சி. பக்கம், கேன்டீன் பக்கம், காட்பாடியில் பெரும்பாலான ரயில்கள் நிற்கும், ஊர் ஒரு மணி நேரத் தூரம். படித்த பெண் என்றால் ஒரு வேலைக்கும் போகலாம். தீவில் அது கிடைக்காது. அங்கே அரசு வேலையெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குத்தான், தனியார் பள்ளி வேலையும் சம்பளம் சொற்பம்.

செலவு மூன்று வழியிலும் இதில்தான் அதிகம். அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். பள்ளிக் கட்டணம், வேன், தண்ணீர் கேன், லீவில் வருகிறவருக்காக ஒரு வண்டி என்று போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் அங்கே தனி, நீங்கள் இங்கே தனி, ஊரில் பெரியவர்கள் தனி என்று மூன்று இடத்தில் காசு எரியும். “மிலிட்டரிக்காரர் வீடு, ஆம்பிளை இல்லை” என்று தெரிந்தால் சில வீட்டுக்காரர்கள் இழுப்பார்கள், சிலர் அதுவே பத்திரம் என்று உடனே கொடுத்துவிடுவார்கள். நம் கையில் இல்லை.

பெரிய கன்டோன்மென்ட்களில் பிரிந்து இருக்கும் குடும்பங்களுக்கென்று குவார்ட்டர்ஸ் வைத்திருக்கிறார்கள். கிடைத்தால் வாடகைக் கவலை இல்லை, உள்ளேயே எம்.ஐ. ரூம் (சின்ன மருத்துவ அறை) இருக்கும், பாதுகாப்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் வரிசை நீளம், அதுவும் வேலூரில் கிடையாது. சென்னை போக வேண்டும் என்றால் ஊரை விட்டு விலகியதுதான் மிச்சம்.

யாருக்கு இது சரி: பிள்ளை ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை இருக்கிற, ஊர்ப்பள்ளி போதாது என்று நினைக்கிற வீட்டுக்கு. மற்றவர்கள் இதில் இறங்கினால் இரண்டு வருஷத்தில் சேமிப்பு கரையும். அதை நான் இரண்டு வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

| பார்க்க வேண்டியது | கூடவே போனால் (போர்ட் பிளேர்) | ஊரில் இருந்தால் | வேலூரில் வீடு |
|---|---|---|---|
| பள்ளி | சி.பி.எஸ்.இ., இந்தி, 5-ம் வகுப்பு வரை சிக்கல் இல்லை | அரசுப் பள்ளிச் சலுகைகள் தொடரும் | தேர்வு அதிகம், கட்டணமும் அதிகம் |
| மருத்துவம் | கடற்படை ஆஸ்பத்திரி, செலவில்லை | கைக்காசு | கைக்காசு, ஆனால் சி.எம்.சி. பக்கம் |
| அவசரத்துக்கு ஊர் சேர | மறுநாள், டிக்கெட் இருந்தால் | ஊரிலேயே | 1 மணி நேரம் |
| மறைந்த செலவு | சாமான் சேதம், விமான டிக்கெட், வீடு கிடைக்கும்வரை வாடகை | உறவுக்காரர் கை நீட்டல் | அட்வான்ஸ், மூன்று இடச் செலவு |
| அப்பா முகம் | தினமும் | லீவில் | லீவில் |

### நடுவில் ஒரு வழி

முழுசாகப் போகவும் முடியாது, இரண்டு வருஷம் பார்க்காமல் இருக்கவும் முடியாது என்பவர்கள் டிசம்பர் கடைசியிலோ ஏப்ரலிலோ பிள்ளைகளோடு மூன்று நாலு வாரம் போய் வருகிறார்கள். முன்கூட்டிச் சொன்னால் கெஸ்ட் ரூம் கிடைக்கும், அல்லது லீவில் ஊர் போன யாராவது ஒருவரின் குவார்ட்டர்ஸ். டிக்கெட்டை மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். டிசம்பரில் போனால் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கிழக்கே இருந்துகொண்டு கடிகாரத்தில் நம் நேரத்தையே வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் டியூட்டி முடிந்து வருகிறவரோடு கடற்கரைக்குப் போகலாம் என்று நினைத்தால் டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் சொறியும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.

### பேர்ணாம்பட்டுப் பெண்ணுக்கு

அவள் கணக்கை வைத்துப் பார்த்தோம். பிர்ச்கஞ்ச் போஸ்டிங். பெரியது இரண்டாம் வகுப்பு, சின்னது இன்னும் பள்ளி போகவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறதாம். மாமனார் இன்னும் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறார். கொழுந்தன் குடும்பம் அதே வீட்டில். இப்படி இருந்தால் போவதுதான் சரி என்று சொன்னேன். ஆனால் ஜூனில் வீட்டுக்காரரோடு சேர்ந்து கிளம்பாதே, அவர் போய் குவார்ட்டர்ஸ் சாவி கையில் வாங்கிய பிறகு நீ கிளம்பு, அதுவரை பள்ளி டி.சி.யை வாங்காதே என்றேன். டி.சி. வாங்கிவிட்டு மூன்று மாதம் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்தவள் நான்.

ஃபிரிட்ஜ், மெஷின் ஒன்றும் வேண்டாம், போஸ்டிங் முடிந்து கிளம்புகிறவர்கள் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போவார்கள், அங்கேயே வாங்கிக்கொள் என்றும் சொன்னேன். கறுப்பு ட்ரங்குப் பெட்டி இரண்டு போதும்.

அவள் விடவில்லை. “அம்மிக்கல்லு எடுத்துட்டுப் போட்டாக்கா? அத்தை குடுத்தது.”

“அம்மியா? கப்பல்ல எடைக்குக் காசு வாங்குவான். மிக்ஸி கொண்டுபோ. அப்புறம் நைலான் கயிறு ஒரு இருபது அடி வாங்கிக்கோ, குண்டு பல்பு நாலு வாங்கிக்கோ.”

“பல்பு எதுக்கு?”

அதற்குள் பில் போடுகிறவர் அவள் கார்டைக் கேட்டார்.